கடைமடைக் குழாயின் அழுத்தம்



நகரக் குடிநீர்க் குழாய்களைக் கண்காணிக்கவும் நிர்வகிக்கவும் மின்னணுக் கருவிகள் எப்படி உதவும் என்று பேசும்படி பணித்திருக்கிறீர்கள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது சென்னையில் யாருக்கும் எளிதில் தெரிந்துவிடும். குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் நாள்தோறும் வருகிறது, நாளிதழ்களும் வெளியிடுகின்றன. அந்தத் தண்ணீர் கிளம்பி வந்து ஒரு தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எத்தனை மணி நேரம், எந்த அழுத்தத்தில் நின்றது என்பதை அதேபோல் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. குடத்தோடு காத்திருந்தவருக்குத் தெரியும். அது எந்த ஏட்டிலும் ஏறாது. நம் நகரங்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யக்கூடிய முதல் நன்மை இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காவிரிப் பாசனத்தில் மேட்டூரின் நீர்மட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆண்டு பாசனம் நன்றாக நடந்தது என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறோம். நாகை, வேதாரண்யம் பக்கத்து உழவர் சொன்னால்தான் அந்தக் கணக்கு முடியும். நகரத்துக் குழாய்களுக்கும் கடைமடை உண்டு. மேட்டுப்பாங்கான தெரு, பழைய குறுகிய குழாய், நீரேற்று நிலையத்திலிருந்து வெகுதூரம் தள்ளிய குடிசைப் பகுதி, இவையெல்லாம் நகரத்தின் கடைமடைகள். அங்கே நின்று பார்த்தால் இந்தத் தொழில்நுட்பம் எதற்கு என்பது விளங்கும்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று சென்னைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 100 கோடி லிட்டர் வழங்கப்படுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு வழியில் ஒழுகினாலும் 1 கோடி லிட்டர் போகிறது, அதாவது அந்த ரயிலைப் போல நான்கு ரயில் தண்ணீர். இதில் ஒரு பகுதி மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து மின்சாரத்தைக் கொட்டிப் பிரித்தெடுத்த தண்ணீர் என்பதையும் நினைக்க வேண்டும். உலகம் முழுவதும் இப்படிக் கணக்கில் வராமல் போகும் குடிநீர் ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர் என்று லீம்பெர்கர், வையட் என்ற இரு வல்லுநர்கள் 2019-இல் மதிப்பிட்டார்கள். இந்தியாவில் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் வகுத்த சேவைத் தர அளவுகோல்கள் இந்த இழப்பை 20 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. 24 மணி நேர வழங்கலும் எல்லா இணைப்புகளுக்கும் மீட்டரும் அதே அளவுகோல்களில் உண்டு. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நம் ஊர்களில் அவை இன்னும் தாளில்தான் இருக்கின்றன.

கணக்கில் வராத தண்ணீர் இரண்டு வகை. ஒன்று, குழாயிலிருந்து மண்ணுக்குள் போவது. மற்றது யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தும் பதிவாகாதது: திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், பட்டியலில் இல்லாத வீடு. முதல் வகைக்கு முக்கியமான மருந்து பொறியியல், இரண்டாவதற்கு நிர்வாகம். எது எவ்வளவு என்று பிரித்தறியாமல் கருவி வாங்கினால் பணம்தான் போகும்.

பிரித்தறிவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நகரத்தைச் சில நூறு முதல் சில ஆயிரம் இணைப்புகள் கொண்ட வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். எல்லை வால்வுகளை அடைத்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தண்ணீர் ஒரே வழியாக நுழையும்படி செய்து, அந்த இடத்தில் ஓட்டமானியைப் பொருத்துகிறார்கள். ஊர் அடங்கிய பிறகு, பின்னிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, வீடுகளில் தண்ணீர் புழங்குவது மிகக் குறைவு. அந்த நேரத்தில் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதி கசிவு. பிரிட்டனில் 1980களில் வேர்விட்ட இந்த முறைதான் இன்றுவரை உலகெங்கும் அடிப்படை. கருவி ஒவ்வோர் இரவும் இந்த எண்ணை அனுப்பிக்கொண்டே இருந்தால், நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று காலையில் வருகிற பொறியாளர் பார்த்துவிடலாம். தெருவில் தண்ணீர் பொங்கி வழிந்த பிறகு புகார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கசிவுகள் தரைக்கு மேலே வருவதே இல்லை. மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கசிவைக் குறைக்கத் தரையைத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. குழாயில் அழுத்தம் பாதியானால் கசிவும் ஏறத்தாழ பாதியாகும். கேப் டவுன் நகரத்தின் கயேலிட்ஷா பகுதியில் ஏழை எளிய மக்கள் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் குழாய்ச் சாமான்கள் மலிவானவை, அழுத்தம் தாங்காமல் பழுதானவை. 2000-ஐ ஒட்டி அங்கே இரவில் மட்டும் மணிக்கு 1,600 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நுழைவாயிலில் அழுத்தக் குறைப்பு வால்வுகளை வைத்து, மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியால் நேரத்துக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றினார்கள். இரவு ஓட்டம் 750 கன மீட்டர் அளவுக்கு இறங்கியது. ஆண்டுக்குச் சேமிப்பு ஏறத்தாழ 90 லட்சம் கன மீட்டர். எந்த வீட்டுக் குழாயையும் யாரும் அடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தென்னாப்பிரிக்காவுக்கு மறுபடியும் வருவேன்.

குழாய் வெடிக்கும்போது என்ன நடக்கிறது என்பது இயற்பியலில் மிக அழகான பகுதி. வெடித்த கணத்தில் ஓர் அழுத்த அலை இருபுறமும் கிளம்புகிறது. இரும்புக் குழாயில் அது நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடும். இரண்டு இடங்களில் உள்ள உணரிகள் அந்த அலை வந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், நேர வித்தியாசத்திலிருந்து வெடிப்பின் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கான அடித்தளத்தை 1890களின் இறுதியில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து அமைத்தவர் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி. ரஷ்ய விமானவியலின் தந்தை என்று போற்றப்படுபவரும் அவரே. அலை திரும்பி வருவதைக் கொண்டு கசிவின் இடத்தை அறியலாம் என்று அப்போதே எழுதியிருக்கிறார். அவருக்கு இல்லாமல் போனவை மலிவான உணரியும், செயற்கைக்கோள் தரும் பொது நேரமும், கணினியும். சிங்கப்பூரின் நீர் நிறுவனமான பியூபி, சிங்கப்பூர்–எம்ஐடி கூட்டு ஆய்வு மையத்தோடு சேர்ந்து நடத்திய வாட்டர்வைஸ் திட்டம் இவற்றை ஒன்று சேர்த்தது. குழாய்க்குள் அழுத்தத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளக்கும் உணரிகள் தீவு முழுவதும் பரவின. ஆய்விலிருந்து பிறந்த விசென்டி என்ற நிறுவனத்தை 2016-இல் அமெரிக்காவின் சைலம் வாங்கியது. பின்னர் 3 லட்சம் மின்னணு மீட்டர்களைப் பொருத்தும் முதல் கட்டமும் அங்கே தொடங்கியது. இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒன்று. உள்பூச்சு இல்லாத பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றும் வேலையைச் சிங்கப்பூர் 1980களிலேயே தொடங்கிவிட்டது. உணரிகள் அதன் பிறகே வந்தன.

நம்மிடம் சிங்கப்பூரின் பணம் இல்லையே என்று சொல்வீர்கள். சரி, கம்போடியாவுக்குப் போவோம்.

1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படை புனோம் பென் நகரத்தையே காலி செய்தது. 1979-இல் மக்கள் திரும்பியபோது குடிநீர் நிலையத்தில் வேலை தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. வரைபடங்கள் இல்லை. 1993-இல் எக் சொன் சான் என்ற பொறியாளர் நகரக் குடிநீர் ஆணையத்தின் பொறுப்பை ஏற்றார். அப்போது இணைப்புகள் 26,881. உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வரவில்லை. வழங்கல் நாளுக்குப் பத்து மணி நேரம். அழுத்தம் 0.2 பார், அதாவது தண்ணீர் இரண்டு மீட்டர் உயரம் ஏறும் அளவு. மக்கள் தரைக்குக் கீழே குழி தோண்டித் தண்ணீர் பிடித்தார்கள்.

அவர் முதலில் கையில் எடுத்தது பட்டியல். ஊழியர்களை வீடு வீடாக அனுப்பினார். பட்டியலில் இருந்த ஏராளமான வீடுகள் அந்த இடத்திலேயே இல்லை; தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த ஏராளமான வீடுகள் பட்டியலில் இல்லை. அதைச் சரிசெய்து கணினியில் ஏற்றினார்கள். பிறகு எல்லா இணைப்புக்கும் மீட்டர். பிறகு கட்டணம், அதிகாரிகளுக்கும் சேர்த்து. ஒரு படைத்தளபதி வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது தளபதி துப்பாக்கியை எடுத்து இவர் தலையில் வைத்ததையும், இவர் ஆயுதம் தாங்கிய காவலர்களோடு திரும்பிப் போய் இணைப்பைத் துண்டித்ததையும் எக் சொன் சானே சொல்லியிருக்கிறார். திருட்டு இணைப்பு கொடுத்த ஊழியர்கள் வேலை இழந்தார்கள். காட்டிக் கொடுத்தவர்களுக்கு வெகுமதி கிடைத்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் நிலைமைக்கேற்ப 30 முதல் 100 சதவீதம் வரை சலுகை தந்தார்கள். அதுவரை வண்டித் தண்ணீரைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள்தாம். இந்தச் சலுகை கருணையால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. இணைப்பு பெற்ற ஏழை, திருட வேண்டிய தேவையிலிருந்து விடுபடுகிறார். அது கணக்கும்கூட.

அதற்குப் பிறகுதான் தொலை அளவீடு. 1999 முதல் ஜப்பானின் கிட்டாகியூஷு நகரக் குடிநீர்த் துறைப் பொறியாளர்கள் வந்து, குழாய் வலையை வட்டாரங்களாகப் பிரிக்கவும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மையத்திலிருந்து பார்க்கவும் உதவினார்கள். எந்த வட்டாரத்தில் இரவு ஓட்டம் ஏறுகிறதோ அங்கே கசிவு தேடும் குழு போகும். 2000களின் இறுதியில் இழப்பு 6 சதவீத அளவுக்கு வந்தது. 24 மணி நேர வழங்கல், 2.5 பார் அழுத்தம். ஐரோப்பாவின் பல நகரங்கள் அந்த 6 சதவீதத்தைப் பார்த்து நாணும். எக் சொன் சானுக்கு 2006-இல் மகசேசே விருது கிடைத்தது. நிறுவனம் கடைசிவரை அரசு நிறுவனமாகவே இருந்து முன்னேறியது. 2012-இல் கம்போடியப் பங்குச் சந்தையில் வணிகம் தொடங்கியபோது அதில் முதலில் பட்டியலான நிறுவனமும் அதுவே.

இந்தக் கதையில் கணினி எங்கே வருகிறது, எத்தனையாவதாக வருகிறது என்று மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் 6 சதவீதம் நிலைத்திருக்காது. அதை மட்டும் வைத்து 72 இறங்கியும் இருக்காது.

நம் நகரங்களுக்கு வருகிறேன். இங்கே தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில ஊர்களில் வாரத்துக்கு ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. காலிக் குழாயில் இரவு ஓட்டம் என்று ஒன்று இல்லை, அழுத்த அலையும் இல்லை. தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது காற்று. அந்தக் காற்றுக்கே மீட்டர் சுழலும். வீடுகளில் மோட்டாரை நேராகக் குழாயோடு இணைத்து உறிஞ்சுகிறார்கள். சென்னையில் தெருக்குழாய் இணைப்பிலேயே அடிபம்பு வைத்து அடிப்பது தலைமுறைப் பழக்கம். அழுத்தம் போன குழாய்க்குள், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் புகுகிறது. ஹுப்பள்ளி–தார்வாடில் ஒரே ஊரில் சில பகுதிகளுக்கு 24 மணி நேர வழங்கலும் மற்ற பகுதிகளுக்கு விட்டுவிட்டு வழங்கலும் இருந்ததால், எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகியோர் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். விட்டுவிட்டு வரும் பகுதிகளின் தண்ணீரில் கிருமித்தொற்றின் அடையாளங்கள் கூடுதலாகக் கிடைத்தன. அழுத்தம் என்பது வசதிக்கான விஷயம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அது நோய்த் தடுப்பு.

எப்போதும் நிறைந்த குழாய்க்கும் விட்டுவிட்டு நிறையும் குழாய்க்கும் இடையிலான இந்தப் பாகுபாடு மென்பொருளிலும் உண்டு. உலகமே பயன்படுத்தும் எபாநெட் என்ற குழாய்வலைக் கணிப்பு மென்பொருளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் இலவசமாக வெளியிட்டது. லூயிஸ் ராஸ்மன் உருவாக்கியது, மகத்தான கொடை. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கு, வீட்டுக்குத் தேவையான தண்ணீர் எப்படியும் கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட்டது. அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் குறையும் என்ற கணக்கு அதில் முறையாகச் சேர்ந்தது 2020-இல் வந்த 2.2 பதிப்பில்தான். குழாய் எப்போதும் நிறைந்திருக்கும் நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்கு அது. நிறையாத குழாய்களுக்கான கணக்கை எழுத வேண்டியவர்கள் நாம். இந்த அரங்கில் உள்ள ஆய்வு மாணவர்கள் அதை எடுத்துச் செய்யலாம்.

2015-இல் தொடங்கிய சீர்மிகு நகரங்கள் திட்டத்தில் தமிழகத்தின் 11 நகரங்கள் இடம்பெற்றன. கட்டுப்பாட்டு மையங்கள் எழுந்தன, சுவர் அளவுத் திரைகள் வந்தன. திரையை நான் எதிர்க்கவில்லை. திரைக்கு வரும் எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறேன். பெரும்பாலும் நீரேற்று நிலையத்திலிருந்தும் மேல்நிலைத் தொட்டியிலிருந்தும் வருகிறது. அனுப்பியதை அளப்பது எளிது, மின்சாரமும் காவலும் உள்ள இடம். சேர்ந்ததை அளக்கத் தெருவுக்குப் போக வேண்டும். மழைநீர் புகும் குழிக்குள் கருவி வைக்க வேண்டும். மின்கலம் மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள்தான் திட்ட மதிப்பீட்டில் விட்டுப்போகிறார். வால்வு திறக்கும் தொழிலாளிக்கு எந்தத் தெரு எப்போது காய்கிறது என்பது மனப்பாடம். அவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிறார். வரைபடத்தில் இல்லாத வால்வுகள் அவர் நினைவில் இருக்கின்றன. அவரை உட்கார வைத்து, கேட்டு, வரைபடத்தைத் திருத்திய பிறகு எந்தக் கருவியையும் பொருத்துங்கள். அவருக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் கொடுங்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புவதாகச் சொன்னேன். கயேலிட்ஷா திட்டத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து ஜோஹன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில், ஃபிரி என்ற பகுதியில், முன்பணம் கட்டினால் மட்டும் திறக்கும் மீட்டர்களை வைத்தார்கள். மாதத்துக்கு 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்ததும் கருவியே அடைத்துவிடும். எத்தனை பேர் அந்த வளவில் வாழ்கிறார்கள் என்று கருவி கேட்காது. லிண்டிவே மசிபுகோ முதலான அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2009-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை மாற்றி, நகராட்சி செய்தது சட்டப்படி சரியென்றது. சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம், எனக்குச் சரியாகப் படவில்லை. கயேலிட்ஷாவில் கருவி குழாயைக் கட்டுப்படுத்தியது. ஃபிரியில் அது குடும்பத்தைக் கட்டுப்படுத்தியது. மின்னணு மீட்டர் நம் ஊருக்கு வரும்போது, அடிப்படைத் தேவைக்கான தண்ணீரை எந்தக் கருவியும் தானாக நிறுத்தக் கூடாது என்ற விதி அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். வீட்டில் எப்போது குளிக்கிறார்கள், எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்த மீட்டரில் தெரியும். அந்தத் தகவல் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே விதியில் எழுத வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. 2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில், வேலை கிடைக்காத கோபத்தில் ஒருவர் மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கொண்டு கழிவுநீர் நிலையங்களைக் கெடுத்து, லட்சக்கணக்கான லிட்டர் கழிவுநீரைப் பூங்காவிலும் ஓடையிலும் பாய வைத்தார். 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா என்ற சிறு நகரத்தில் அழுத்தம் காக்கும் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவி தாக்கப்பட்டது. அந்த வகைக் கருவிகள் பல, ஆலையிலிருந்து வந்த 1111 என்ற கடவுச்சொல்லோடே இயங்கிக்கொண்டிருந்தன. ஊழியர்கள் கைமுறைக்கு மாறி வழங்கலைக் காப்பாற்றினார்கள். கையால் இயக்கத் தெரிந்தவர்களை எந்த நகரமும் இழந்துவிடக் கூடாது.

நான் கேட்பது பெரிய தொகைக்கான திட்டம் எதையும் இல்லை. ஒவ்வொரு விநியோக வட்டாரத்திலும் முதல் அழுத்தமானியைக் கடைசித் தெருவில் வையுங்கள். நுழைவாயிலில் வைப்பது அடுத்தபடி. எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது, எந்த அழுத்தத்தில் வந்தது என்ற இரண்டு எண்களைத் தெருவாரியாக நாள்தோறும் வெளியிடுங்கள். ஒளித்துவைத்த அளவீடு அதிகாரிக்கு மட்டும் பயன்படும். வெளியே வந்த அளவீடு வார்டு உறுப்பினரைப் பேச வைக்கும்.

இது நம் நாட்டில் நடக்கும் காரியம்தான். ஒடிசாவின் பூரி நகரம் 2021 ஜூலை 26 அன்று 24 மணி நேரமும் குழாயிலிருந்தே குடிக்கத்தக்க தண்ணீர் வழங்கும் நகரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பதும், தண்ணீரின் தரத்தைச் சோதிப்பதும், கட்டணம் வாங்குவதும் ஜலசாதி என்று அழைக்கப்படும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குக் குறைவில்லை, பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இந்த இரு தரப்பினரையும் ஒரே தெருவில் சேர்த்து நிறுத்துங்கள் என்று குடிநீர் வாரியத்தையும் நகராட்சி நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களே, இந்த ஆண்டு உங்கள் செயல்திட்டத்துக்கு உங்கள் ஊரின் கடைசித் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்.